பழைய பென்ஸின்ர பவர் ஸ்டியரிங் பம்மை வீட்டிலை வைச்சே பிரிச்சுத் திருத்துறது

வன்னியிலை இன்னும் டபிள்யூ 123 பென்ஸ் வைச்சு ஓடுற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன், 200 டீ, 240 டீ, 300 டீ எதெண்டாலும் சரி. ஸ்டியரிங் திருப்பேக்கை முன்னுக்கு இருந்து ஊளையிடுற மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு கொஞ்சம் கொஞ்சமா இறுகும், கராஜுக்குக் கொண்டுபோனால் "பம் முடிஞ்சுது, பஞ்சிகாவத்தையிலை ஒண்டு எடுப்பியுங்கோ" எண்டு சொல்லுவினம். கொழும்பின்ர அந்தப் பழைய உதிரிப்பாகக் கடைத்தெருவிலை இருந்து பஸ்ஸிலை போட்டு வாற பம்மும் உங்கட பம்மின்ர வயசுதான், அதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு விக்கிறவருக்கும் தெரியாது. நான் பிரிச்சுப் பாத்த வரைக்கும் கனக்கப் பம் தேய்ஞ்சு சாகிறேல்லை, ஊத்தையாலையும் பிழையான ஒயிலாலையும் காய்ஞ்சுபோன ரப்பராலையும்தான் சாகுது. உள்ளுக்குள்ளை தகடுகள் உரசி ஓடுற ரிங் நல்லா இருந்தால் ஒரு சீல் கிற் (ரப்பர் சீல், ஓ ரிங் எல்லாம் சேந்த பக்கற்), ஒரு பில்ரர், ரெண்டு மூண்டு லீற்றர் ஒயிலோட அதே பம் திரும்ப வருசக்கணக்கா ஓடும்.

எங்கட பக்கத்திலை இந்த வேலைக்குக் கனபேர் கை வைக்காததுக்கு ஒரு காரணம் இருக்கு. பொருளாதாரத் தடைக் காலத்திலை மண்ணெண்ணெயிலை ஓடவிட்ட ஆஸ்டின், மொறிஸ் மைனர் எல்லாத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிச்சுப் பூட்டுற கைகள் வன்னியிலை இருந்தது, இப்பவும் இருக்கு. ஆனா அந்தக் கார்களிலை பவர் ஸ்டியரிங் எண்ட சாமானே இல்லை. டபிள்யூ 123 1976இலை வந்தது, அதிலைகூட 1982 செப்டெம்பரிலை இருந்துதான் எல்லா மாடலுக்கும் கம்பனியே பவர் ஸ்டியரிங் போட்டு விட்டது, அதுக்கு முந்தி சின்ன மாடலுகளுக்கு அது எக்ஸ்ட்ரா. அதாலை பழகச் சந்தர்ப்பம் கிடைக்கேல்லை, அவ்வளவுதான், வேலை ஒண்டும் எஞ்சின் வேலையை விடக் கஷ்டமில்லை.

உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு முதல் விளங்கிக்கொள்ளுங்கோ, பிறகு பிரிக்கேக்கை பயம் வராது. பெல்ட் சுத்துற ஷாவ்ற்றிலை ஒரு றோட்டர், றோட்டரைச் சுத்தி வெட்டு, ஒவ்வொரு வெட்டுக்குள்ளையும் சின்னத் தகடு ஒண்டு. றோட்டர் சுத்தேக்கை தகடுகள் வெளியாலை வந்து, றோட்டரைச் சுத்தி நிக்கிற கம் ரிங் எண்ட வளையத்தின்ர உட்பக்கத்தை உரசிக்கொண்டு ஓடும். அந்த ரிங் வட்டமில்லை, முட்டை வடிவம், அதாலை ஒரு பக்கம் இடம் அகலேக்கை ஒயிலை இழுக்கும், ஒடுங்கேக்கை தள்ளும், ஒரு சுத்துக்கு ரெண்டு தரம். எஞ்சின் வேகமா ஓடேக்கை தேவைக்கு மிஞ்சி வாற ஒயிலை ஃப்ளோ வால்வ் திருப்பி உள்ளுக்கே விடும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பிடிச்சால் பிரெஷர் எல்லை மீறாமல் அதுக்குள்ளையே இருக்கிற இன்னொரு சின்ன வால்வ் திறக்கும். இவ்வளவும்தான் பம்.

பம்மைக் கழட்ட முதல் பிழை பம்மிலைதானோ எண்டு பாருங்கோ. முன் ரயருக்கு 30 இறாத்தல் அளவுக்குக் காத்து இருக்கோ, பெல்ட் லூசோ, ஸ்டியரிங் டம்பர் இறுகியிருக்கோ, போல் ஜொயின்ற் காய்ஞ்சு கிடக்கோ, இதெல்லாம் முதல். முன் சில்லு ரெண்டையும் தூக்கி ஸ்ராண்டிலை வைச்சிட்டு எஞ்சின் ஓடாமல் ஸ்டியரிங்கைத் திருப்புங்கோ, அப்பவும் ஒரு இடத்திலை பிடிச்சு இழுத்தால் பிழை கீழையோ ஸ்டியரிங் பொக்ஸிலையோ, பம்மிலை இல்லை. கிறீச் எண்டு சத்தம் வந்தால் பெல்ட், ஊளையெண்டால் பம் காத்தை இழுக்குது. ஒயில் தாங்கியின்ர மூடியைத் திறந்து பாருங்கோ, அந்தக் காரிலை அது பம்மோடயே சேந்த தகரப் பேணி, நடுவிலை செட்டை நட் ஒண்டு இருக்கும். ஒயில் நுரைச்சுக் கிடந்தால் எங்கையோ காத்து உள்ளிடுது, கறுத்து எரிஞ்ச மணம் அடிச்சால் அது எப்பவோ மாத்தியிருக்க வேண்டிய ஒயில்.

லீக் விசயத்திலை அவசரப்பட்டு முடிவெடுக்காதேங்கோ. பிரெஷர் ஹோஸின்ர தலைப்பாலை கசியிற ஒயிலும் பம்மிலை வழிஞ்சு கீழை வந்து பம் லீக் மாதிரியே காட்டும். மண்ணெண்ணெயும் பிறஷும் போட்டுப் பம்மைச் சுத்தி வடிவாக் கழுவி, சோப்புத்தூள் தண்ணியாலை அலசி, காயவிட்டு, பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை அங்காலை இஞ்சாலை திருப்பிக்கொண்டு இன்னொருவரை ரோச் லைற் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. புல்லிக்குப் பின்னாலை இருந்து வந்து வட்டமாத் தெறிச்சிருந்தால் அது ஷாவ்ற் சீல், அப்பதான் பம்மைக் கழட்டுறதிலை அர்த்தம் இருக்கு.

சீல் கிற் எடுக்க முதல் பம்மிலை அடிச்சிருக்கிற கம்பனிப் பேரைப் பாத்து எழுதிக்கொள்ளுங்கோ. டபிள்யூ 123க்கு ஒரே கம்பனிப் பம் மட்டும் வரேல்லை, விக்கேர்ஸும் இருக்கு இசட் எஃப்பும் இருக்கு, ஒண்டின்ர கிற் மற்றதுக்குச் சரிவராது. "240 டீ பென்ஸுக்கு" எண்டு மட்டும் போனிலை சொல்லி எடுத்தால் பஸ்ஸிலை வாறது பிழையாத்தான் வரும், படம் எடுத்து அனுப்புங்கோ. பில்ரரையும் அதோட சேத்து எடுங்கோ. ஒயிலுக்கு டெக்ஸ்ரோன் வகை ஏடிஎஃப் (ஓட்டோ கியருக்கு விடுற ஒயில்) காணும், சிவப்பா இருக்கும். பிறேக் ஒயில் ஒரு சொட்டும் ஆகாது, அது இந்த ரப்பர் எல்லாத்தையும் ஊதப்பண்ணிப் பழுதாக்கிப்போடும், றோட்டிலை நிண்ட நேரத்துக்கு அவசரத்துக்கெண்டு ஊத்தின ஆக்களின்ர பம்தான் அரைவாசி கராஜுக்கு வருது.

இடம் முக்கியம். சோளகம் வீசுற மாதங்களிலை எங்கட கிரவல் றோட்டுத் தூசு எங்கையெல்லாம் பூருமெண்டு உங்களுக்குத் தெரியும், முத்தத்திலை மாமரத்துக்குக் கீழை வைச்சு இந்தப் பம்மைப் பிரிக்காதேங்கோ. கழட்டுறதை வெளியாலை செய்யலாம், பிரிக்கிறதும் பூட்டுறதும் கதவு சாத்தின அறைக்குள்ளை, மேசையிலை புதுப் பொலித்தீன் விரிச்சு, ஃபானை நிப்பாட்டிப்போட்டு. கராஜிலை பாவிக்கிற கொட்டன் வேஸ்ற் இந்த வேலைக்கு வேண்டாம், அதின்ர நூல் ஒண்டு ஃப்ளோ வால்வுக்குள்ளை போனால் காணும், பிறகு ஸ்டியரிங் ஒரு நேரம் லேசு ஒரு நேரம் பாரம் எண்டு நிக்கும், காரணம் கண்டுபிடிக்கேலாது. நூல் உதிராத பழைய பருத்தித் துணி தோய்ச்சுக் காயவைச்சு எடுத்துக்கொள்ளுங்கோ.

கழட்டேக்கை பெல்ட் இறுக்கமா இருக்கேக்கையே புல்லி நட்டை இளக்கிவிடுங்கோ, பெல்ட்தான் அப்ப புல்லியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், கழட்டிப்போட்டுப் பிறகு புல்லியைப் பிடிக்கப் படுற பாடு பெரிசு. தாங்கியிலை இருக்கிற ஒயிலைப் பெரிய சிரிஞ்சாலை இழுத்தெடுங்கோ. ஹோஸ் நட்டுக்குச் சரியான அளவு ஸ்பனர் போடுங்கோ, அட்ஜஸ்ற் ஸ்பனராலை உருட்டினால் வவுனியா முழுக்கத் திரிஞ்சாலும் அந்த நட் கிடைக்காது. செப்பு வோஷர் இருந்தால் அது புதுசு போட வேணும். கழட்டின ஹோஸ் வாய்களைப் பொலித்தீனாலை சுத்திக் கட்டிவிடுங்கோ. புல்லி சில பம்மிலை நட்டோட கையிலை வரும், வராட்டிப் புல்லர் போட்டு இழுக்கிறது, பின்னாலை இருந்து சுத்தியலாலை அடிச்சால் ஷாவ்ற் நகர்ந்து உள்ளுக்கு றோட்டரின்ர பக்கத்தை மூடி நிக்கிற பிளேற்றிலை முட்டி வெடிக்கப்பண்ணும்.

பிரிக்க முதல் வெளிப்பக்கத்தை இன்னொருக்காக் கழுவுங்கோ. பிறகு ரெண்டு பாதியும் சேருற இடத்திலை ஒரு கோடு கீறுங்கோ. சில பம்மின்ர பின் மூடி போல்ற்றிலை நிக்கும், சிலது வளையக் கிளிப்பிலை, கிளிப் எண்டால் மூடிக்குப் பின்னாலை ஸ்பிறிங் அமத்திக்கொண்டு நிக்கும், கண்ணிலை தெறிக்கும், மூடியை ஒரு கையாலை அமத்திப் பிடிச்சுக்கொண்டுதான் கிளிப்பை எடுக்க வேணும். ஒவ்வொரு சாமானும் வெளிய வாறதுக்கு முதல் போனிலை படம் எடுங்கோ. றோட்டரின்ர எந்தப் பக்கம் மேலை நிண்டதெண்டு மார்க்கராலை புள்ளி வையுங்கோ, பொன்சாலை அடிச்சு அடையாளம் வைக்கக் கூடாது, அடிச்ச இடம் மேடாகும், அந்த மேடு பிளேற்றை விறாண்டும். கம் ரிங்குக்கும் அதே மாதிரி. ரிங்கைப் பிறட்டிப் போட்டால் பம் சுத்தும், ஆனா ஒயிலைத் தள்ளாது. தகடுகளை எந்த வெட்டிலை இருந்து வந்ததோ அதே ஒழுங்கிலை ஒரு தட்டிலை வரிசையா வையுங்கோ, ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு விளிம்பு உருண்டையாத் தேய்ஞ்சு மினுங்கும், அதுதான் வெளிப்பக்கம், ரிங்கை உரசுற பக்கம்.

இப்பதான் இந்தப் பம்மைத் திருத்தலாமோ இல்லையோ எண்டு தெரியப்போகுது, இதிலை ஆறுதலா மினக்கெடுங்கோ. கம் ரிங்கின்ர உட்பக்கத்தை நல்ல வெளிச்சத்திலை பிடிச்சு நகத்தாலை சுத்தித் தடவுங்கோ. மினுங்கினால் பரவாயில்லை, மங்கலா இருந்தாலும் பரவாயில்லை, ஆனா நகம் தடக்குப்பட்டு குறுக்கா வரிவரியா அலை அடிச்ச மாதிரி இருந்தால் அந்த ரிங் முடிஞ்சுது. அதை எமரி போட்டு உரஞ்சி எடுக்கலாமெண்டு யாரும் சொன்னால் கேளாதேங்கோ, அந்த வடிவத்தைக் கையாலை கொண்டுவரேலாது, அப்பிடியான பம்மை வைச்சுக்கொண்டு சீல் கிற் போடுறது காசை வீணாக்கிறது. அப்ப மட்டும் வேற பம் தேடுங்கோ, தேடி எடுத்த பம்மையும் ஓடவிட முதல் இதே மாதிரிப் பிரிச்சுப் பாருங்கோ.

தகட்டை வெட்டுக்குள்ளை போட்டுப் பாத்தால் தன்ர பாரத்திலை சறுக்கிப் போக வேணும், ஆனா ஆடக்கூடாது. இதே வகைப் பம்முக்கு டொயோட்டா மனுவலுகளிலை தகட்டுக்கும் வெட்டுக்கும் இடைவெளி 0.03 மில்லிமீற்றர் அளவுக்கு மேலை போகக்கூடாதெண்டு குடுத்திருக்கு, அது தலைமயிரின்ர மொத்தத்திலை பாதிகூட இல்லை, அதாலை ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணாலை பாத்து முடிவெடுக்காதேங்கோ. ரெண்டு பக்கப் பிளேற்றிலையும் லேசா வட்டக் கீறல் இருந்தால் அது பயமில்லை. தடிச்ச கண்ணாடித் துண்டிலை 1500 நம்பர் வாட்டர் பேப்பரை விரிச்சு ஏடிஎஃப் தெளிச்சு எட்டு வடிவத்திலை ஆறுதலா உரஞ்சினால் போயிடும். பிளேற்றை மட்டும்தான். றோட்டரின்ர பக்கத்தை உரஞ்சக்கூடாது, றோட்டர் ரிங்கை விட ஒரு பொட்டுத்தான் மெல்லிசு, அந்தப் பொட்டு இடைவெளியிலைதான் பம்மின்ர பலமே இருக்கு, அதைக் கூட்டினால் ஒயில் சூடேறேக்கை ஐட்லிலை ஸ்டியரிங் இறுகும். காலமை லேசா இருந்து மத்தியான வெயிலுக்கை பாரமாகுதெண்டு சொல்லுற காருகளிலை கனக்க இந்த இடைவெளிக் கதைதான்.

ஃப்ளோ வால்வை எடுத்துக் கழுவி, அதின்ர ஓட்டையையும் கழுவி, ஏடிஎஃப் தடவித் திரும்பப் போட்டுப் பாருங்கோ. பம்மைச் சரிச்சால் வால்வ் தானா வழுக்கிப் போய்வர வேணும். இடையிலை நிண்டால் நூலோ துரும்போ கீறலோ இருக்கு. சில நேரம் பம்மிலை இருந்த பிழை முழுக்க இது மட்டும்தான், அதைத் தெரியாமல் நல்ல பம்மை எறிஞ்சிருப்பினம். விளிம்பிலை சின்ன மேடு இருந்தால் 1500 பேப்பராலை தொட்டும் தொடாமலும் எடுக்கலாம், அதுக்கு மேலை வேண்டாம். வால்வுக்குள்ளை இருக்கிற பிரெஷர் செற்றிங்கை மட்டும் திறக்காதேங்கோ, அது கம்பனியிலை அளந்து பூட்டினது. "கொஞ்சம் இறுக்கினால் ஸ்டியரிங் லேசாகும்" எண்டு இறுக்கினால் ஹோஸ் வெடிக்கும், சுடு ஒயில் எக்ஸோஸ்ற்றிலை பட்டால் நெருப்புப் பிடிக்கும்.

ஷாவ்ற் சீலைக் கழட்டேக்கை ஸ்க்ரூ ட்ரைவர் பம்மின்ர உட்சுவரைக் கீறாமல் பாருங்கோ. சீல் ஓடின இடத்திலை ஷாவ்ற்றை நகத்தாலை தடவுங்கோ, பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டாலும் கொஞ்ச நாளையிலை திரும்ப லீக்தான். பள்ளம் சின்னனெண்டால் புதுச் சீலை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு உள்ளுக்கோ வெளியாலையோ தள்ளி இருத்தலாம், அப்ப சீலின்ர உதடு புது இடத்திலை ஓடும். பெரிசெண்டால் கிளிநொச்சியிலையோ வவுனியாவிலையோ நல்ல லேத்காரரிட்டைக் குடுத்து மெல்லிய ஸ்லீவ் ஒண்டு போடுவிக்கலாம், வெல்டிங் வைச்சு நிரப்பிக் கடைய விடாதேங்கோ, சூட்டிலை ஷாவ்ற் வளையும். பெயாரிங் இருக்கிற பம்மெண்டால் அதிலை அடிச்சிருக்கிற நம்பரைக் காட்டினால் பெயாரிங் கடையிலையே வாங்கலாம், கார்க் கடைக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

ஓ ரிங் கிற்றிலை வந்ததைத்தான் போடுங்கோ. அளவு சரியா இருக்கெண்டு தண்ணிப் பைப் ரப்பரும் பிறேக் ரப்பரும் போட்டால் ஏடிஎஃப் அதுகளை ஊதப்பண்ணும். எண்ணெய்க்குத் தாங்குற நைட்ரைல் ரப்பர் எண்டு கேட்டு வாங்கலாம். சிலிக்கோன் பசையும் ஷெல்லாக்கும் இந்தப் பம்முக்குள்ளை வேண்டவே வேண்டாம், பிதுங்கினது உடைஞ்சு நேரே வால்வுக்கும் ஸ்டியரிங் பொக்ஸுக்கும்தான் போகும்.

பூட்டேக்கை ஒவ்வொரு சாமானையும் புது ஏடிஎஃப்பிலை தோய்ச்சுத் தோய்ச்சுப் பூட்டுங்கோ, காய்ஞ்சதா ஒண்டும் உள்ளுக்குப் போகக்கூடாது. சீலை அதே அளவு சொக்கெற் வைச்சுச் சுத்திவர ஒரே மாதிரித் தட்டி இறக்குங்கோ. ஷாவ்ற்றிலை சாவி வெட்டு இருந்தால் அதுக்கு மேலை மெல்லிய பொலித்தீனைச் சுத்திப்போட்டுத்தான் சீலுக்குள்ளாலை விட வேணும், இல்லாட்டி அந்தக் கூர் உதட்டை வெட்டும், புதுச் சீல் முதல் நாளே லீக் அடிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். றோட்டர், ரிங், தகடு எல்லாம் படத்தைப் பாத்துப் பாத்து வையுங்கோ, உருண்டை விளிம்பு வெளியாலை. போல்ற்றுகளைக் குறுக்கும் மறுக்குமாக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ, ஒவ்வொருக்கா இறுக்கின பிறகும் ஷாவ்ற்றைக் கையாலை சுத்திப் பாருங்கோ. எங்கையும் தடக்காமல் ஒரே இழுவையிலை சுத்த வேணும், தடக்கினால் பலம் போடாமல் திரும்பப் பிரியுங்கோ.

பம்மைக் காரிலை பூட்டிப்போட்டு உடனை எஞ்சினை ஸ்ராட் பண்ணாதேங்கோ. பழைய ஒயில் இன்னும் ஹோஸிலையும் ஸ்டியரிங் பொக்ஸிலையும் கிடக்கு, பம்மைப் பழுதாக்கினதும் அதுதான், அதைக் கழுவாமல் விட்டால் புதுசாப் பூட்டினதையும் கொல்லும். இந்த வேலையிலை ஆக்கள் கூடத் தவறவிடுற இடமும் இதுதான், பம்முக்கு ரெண்டு நாள் மினக்கெட்ட ஆள் கழுவுறதுக்கு அரைமணித்தியாலம் ஒதுக்கமாட்டார். முன் சில்லு ரெண்டையும் தூக்குங்கோ, எங்கட மணல் நிலத்திலை ஜக் சரிஞ்சு இறங்கும், கீழை முதிரைப் பலகையோ பாலைப் பலகையோ வைச்சு ஸ்ராண்ட் போட்ட பிறகுதான் கிட்டப் போறது. திரும்பி வாற ஹோஸைத் தாங்கியிலை இருந்து கழட்டி ஒரு வெள்ளைப் போத்திலுக்குள்ளை விடுங்கோ, தாங்கியிலை அந்த வாயை ரப்பர் அடைப்பாலை அடையுங்கோ. தாங்கிக்குப் புது ஒயில் விட்டு, எஞ்சின் நிண்டபடியே, ஒருவர் உள்ளுக்கு இருந்து ஸ்டியரிங்கை முழுக்க இடம் முழுக்க வலம் எண்டு ஆறுதலாத் திருப்ப, மற்றவர் ஒயில் குறையக் குறைய விட்டுக்கொண்டு நிக்க வேணும். போத்திலுக்கை முதல் கறுப்பா வரும், பிறகு மண்ணிறம், பிறகு சிவப்பு. கடையிலை வாங்கின நிறத்திலை சிவப்பா வந்த பிறகுதான் நிப்பாட்டுறது, ஒரு லீற்றர் கூடச் செலவானாலும் பரவாயில்லை.

பிறகு ஹோஸைத் திரும்பப் பூட்டி, தாங்கியின்ர அடியைத் துடைச்சு, புதுப் பில்ரர் வைச்சு, கோட்டு மட்டத்துக்கு ஒயில் விட்டு, எஞ்சின் ஓடாமலே இன்னும் பத்துப் பதினைஞ்சு தரம் அங்காலை இஞ்சாலை திருப்புங்கோ, குமிழி வந்துகொண்டே இருக்கும். குமிழி நிண்ட பிறகு எஞ்சினை ஐட்லிலை விட்டு அதையே செய்யுங்கோ, கடைசி வரைக்கும் திருப்பின இடத்திலை ஐஞ்சு செக்கனுக்கு மேலை பிடிச்சு வைச்சிருக்கக் கூடாது, அந்த நேரம் பம் முழுப் பிரெஷரிலை நிண்டு ஒயிலைக் கொதிக்க வைக்கும். ஒயில் பால் மாதிரி நுரைச்சால் எஞ்சினை நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் விட்டிட்டுத் திரும்பத் தொடங்குங்கோ, நுரையோட ஓட்டினால் தகடு காய்ஞ்சு ரிங்கை வரி அடிக்கும். எவ்வளவு விட்டும் நுரை போகாட்டிப் பம்முக்கு ஒயில் வாற பக்கத்து ரப்பரையும் ஷாவ்ற் சீலையும் பாருங்கோ, அந்தப் பக்கத்தாலை ஒயில் வெளிய வராமலே காத்து உள்ளுக்குப் போகலாம், அதாலை நிலத்திலை சொட்டு இல்லையெண்டு சும்மா இருக்கேலாது.

பெல்ட்டை நடுவிலை பெருவிரலாலை அமத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கினால் சரி. கூட இறுக்கினால் பெயாரிங்குக்கும் புதுச் சீலுக்கும் கேடு.

கழிவு ஒயிலைக் கொல்லைக்குள்ளை ஊத்தாதேங்கோ. எங்கட வீடுகளிலை குடிக்கிறது கிணத்துத் தண்ணி, மாரி வந்தால் நிலத்திலை கிடக்கிறது எல்லாம் கிணத்துக்குத்தான் இறங்கும். வேலிக் கட்டைக்குக் கறையானுக்குப் பூசுற பழக்கமும் இருக்கு, கிணத்துக்குக் கிட்ட இருக்கிற கட்டையெண்டால் அதுவும் வேண்டாம், போத்திலிலை விட்டுச் சேவிஸ் ஸ்ரேசனிலை குடுத்தால் எடுப்பினம்.

முதல் ஒரு கிழமை ஒவ்வொரு நாளும் காலமை ஒயில் மட்டம் பாருங்கோ. ஏ9இலை ஒருக்கா வவுனியா போய்வந்த பிறகு, எஞ்சின் சூடா இருக்கேக்கை புல்லிக்குப் பின்னாலையும் ஹோஸ் வாயிலையும் விரலாலை தடவிப் பாருங்கோ. ஆயிரம் கிலோமீற்றர் அளவு ஓடின பிறகு செட்டை நட்டைக் கழட்டிப் பில்ரரை எடுத்து வெள்ளைத் துணியிலை தட்டுங்கோ, மினுங்குற தூள் விழுந்தால் உள்ளுக்கு எங்கையோ உரசுது, பம்மை இன்னொருக்காத் திறந்து பாருங்கோ. கறுத்த பிசின் மட்டும் எண்டால் அது பொக்ஸுக்குள்ளை ஒட்டிக் கிடந்த பழைய ஊத்தை, இன்னொரு பில்ரர் போட்டுத் தாங்கியிலை இருக்கிற ஒயிலை மாத்தினால் காணும்.